ஒரு பிகோஃபாரட்டைப் பிடிப்பது எப்படி? (வாசகர் கேள்வி பதில்)

போன இதழில் ஒரு துண்டு அலுமினியத் தாளை வைத்துத் தொடு சுவிட்ச் செய்வது பற்றி எழுதியிருந்தேன். அதைச் செய்து பார்த்தவர்கள், செய்து பார்த்துச் சரியாக வராதவர்கள், வேறு ஏதோ பெரிதாக யோசித்து வைத்திருப்பவர்கள் என்று நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். பாதிப் பேருக்கு மேல் கேட்டது ‘எந்த சென்சார் வாங்கலாம்’ என்பதுதான். முதல் கேள்வியும் அதேதான், அதனால் அதற்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: சார், பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். டி.டி.பி.223 (தொடுதலை உணரும் ஐசி) மாட்யூல் ஒன்றை 3 மி.மீ. அக்ரிலிக் தட்டுக்குப் பின்னால் வைத்து எல்.இ.டி. விளக்குக்கு சுவிட்ச் செய்தேன். மேசைமேல் வைத்துப் பார்த்தபோது நன்றாக வேலை செய்தது. பெட்டிக்குள் பொருத்தியதும் மூன்று முறை தொட்டால் ஒரு முறைதான் எரிகிறது. இதைவிட நல்ல சென்சார் எது? (மாணவர், நாமக்கல்)

பதில்: புதிதாக எதுவும் வாங்காதீர்கள் தம்பி. உங்களிடம் இருக்கும் ஐசியே போதும். மாட்யூலைப் பக்கவாட்டில் பிடித்துப் பாருங்கள். பின்களை சோல்டர் செய்த இடத்தில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும். அந்த மேடுகள் அக்ரிலிக்கில் முட்டிக்கொண்டு நிற்கும், செப்புப் பரப்பு தட்டோடு ஒட்டாது. நடுவில் 1 மி.மீ. காற்று நின்றுவிடுகிறது. உங்கள் சுவிட்சைக் கெடுப்பது அந்தக் காற்றுதான்.

எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். மின்தேக்கி (கெப்பாசிட்டர்) என்பது நடுவில் இடைவெளி விட்ட இரண்டு தகடுகள்தான். இங்கே விரல் ஒரு தகடு, செப்புப் பரப்பு இன்னொரு தகடு. விரல் படும் இடம் 1 சதுர செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவே 1 மி.மீ. காற்று மட்டும் இருந்தால் கிடைப்பது கிட்டத்தட்ட 0.9 பிகோஃபாரட் (மின்தேக்குத்திறனின் அலகான ஃபாரட்டில் லட்சம் கோடியில் ஒரு பங்கு). அக்ரிலிக் காற்றைவிடச் சுமார் 3 மடங்கு மின்புலத்துக்கு இடம் கொடுக்கும், ஆனால் தடிமனும் 3 மி.மீ. என்பதால் கணக்கு அதே 0.9-க்கு வந்து நிற்கிறது. அதாவது 3 மி.மீ. அக்ரிலிக்கும் 1 மி.மீ. காற்றும் ஒன்றுதான். இப்போது இரண்டையும் அடுக்கி வைத்தால் 0.45, பாதி போச்சு. பரப்பு, வயர், ஐசி கால் எல்லாம் சேர்ந்து ஏற்கெனவே 10, 15 பிகோஃபாரட் எப்போதும் இருந்துகொண்டே இருக்கும், அந்தக் கூட்டத்துக்குள் இந்த அரையை ஐசி தேட வேண்டும். அதனால்தான் தடுமாறுகிறது.

ரிப்பேருக்கு வந்த இண்டக்ஷன் அடுப்பு எங்காவது கிடைத்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடியில் ஒவ்வொரு பட்டன் படம் இருக்கும் இடத்துக்கும் நேர் கீழே, போர்டில் ஒரு ஸ்பிரிங் நிற்கும். பேனா ஸ்பிரிங்கைவிடச் சற்று அகலமானது, அவ்வளவுதான். கண்ணாடியை வைத்து மூடியதும் அது அமுங்கி, அடிப்பக்கத்தை அழுத்திக்கொண்டு நிற்கும். நடுவில் காற்றுக்கு இடமே இல்லை. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அவ்வளவு எளிய தீர்வு.

நீங்கள் ஸ்பிரிங் தேடி அலைய வேண்டாம். செப்பு டேப்பில் 12 முதல் 15 மி.மீ. வட்டம் ஒன்று வெட்டி, அக்ரிலிக்கின் உள்பக்கம் குமிழி விழாமல் தேய்த்து ஒட்டுங்கள். அதிலிருந்து மெல்லிய வயர் ஒன்றை, முடிந்தவரை குட்டையாக, மாட்யூலின் தொடுபரப்பில் பற்றவையுங்கள். வயர் ஒரு சாண் நீளம் போனால் அந்த வயரே சென்சார் ஆகிவிடும், பெட்டிக்குப் பக்கத்தில் கை போனாலே விளக்கு எரியும். வட்டத்துக்கு நேர் பின்னால் உலோகத் தகடோ கிரவுண்ட் செம்போ வைக்காதீர்கள்.

இன்னும் இரண்டு விஷயம். மாட்யூலில் கெப்பாசிட்டர் போட ஒரு காலி இடம் இருக்கும், அங்கே ஒன்றைப் போட்டால் உணர்திறன் கூடும் என்று சிலர் சொல்கிறார்கள், அது தவறு. 50 பிகோஃபாரட் வரை போடலாம், போடப்போட உணர்திறன் குறையும். அப்புறம், இந்த ஐசி கரண்ட் வந்த முதல் அரை நொடியில் ‘தொடாத நிலை’ எது என்று தானே குறித்துக்கொள்கிறது. அந்த நேரத்தில் விரல் மேலே இருந்தால் குறிப்பே தப்பாகிவிடும். பெட்டியை மூடிய பிறகு கையை எடுத்துவிட்டு ஒரு முறை அணைத்துப் போடுங்கள்.

கேள்வி: ஐயா, அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறேன். 12-ஆம் வகுப்பு மின்தேக்கிப் பாடத்துக்கு, சென்சார் ஐசி எதுவும் இல்லாமல் ஆர்டுயினோ ஊனோ என்ற நிரல் எழுதி இயக்கும் போர்டை மட்டும் வைத்துத் தொடுதலைக் காட்ட முடியுமா? (ஆசிரியை, விருதுநகர்)

பதில்: முடியும், நன்றாகவே முடியும். இந்தக் கேள்விக்காக உங்களுக்கு நன்றி. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, அதே சூத்திரம் விரல் நுனியில் வேலை செய்வதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால் பிறகு மறக்கவே மாட்டார்கள்.

முதல் வழிக்கு ஒரு ரெசிஸ்டர் வேண்டும். ஒரு பின்னிலிருந்து 1 மெகா ஓம் வழியாக அலுமினியத் தாளுக்கு 5 வோல்ட் அனுப்புங்கள். தாளோடு சேர்ந்த இன்னொரு பின் எப்போது ‘ஒன்று’ என்று மாறுகிறது என்று நேரம் எண்ணுங்கள். தாளுக்கு 10 பிகோஃபாரட் என்றால் ஆர்.சி. பெருக்கல் (மின்தடையையும் மின்தேக்குத்திறனையும் பெருக்கினால் வரும் நேரம்) 10 மைக்ரோநொடி. ஊனோவின் ஒரு துடிப்பு 62.5 நானோநொடி, ஆக 160 துடிப்பு. விரல் பட்டு 5 பிகோஃபாரட் கூடினால் இன்னொரு 80. தாள்மேல் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை வைத்துத் தொடச் சொல்லுங்கள், பிறகு இரண்டு, மூன்று என்று அடுக்குங்கள். தடிமன் கூடக்கூட எண் இறங்குவதை வகுப்பே பார்க்கலாம்.

இரண்டாவது வழிதான் எனக்கு ரொம்பப் பிடித்தது, ஏனென்றால் ரெசிஸ்டர்கூட வேண்டாம். ஊனோவில் இருக்கும் ஏட்மெகா328 சிப்புக்குள், அனலாக் அளவீட்டுக்காகவே சுமார் 14 பிகோஃபாரட்டில் ஒரு குட்டி மின்தேக்கி இருக்கிறது. அளக்க வேண்டிய மின்னழுத்தத்தை ஒரு கணம் பிடித்து வைத்துக்கொள்வது அதன் வேலை. அதையே நாம் தராசாக வைத்துக்கொள்ளலாம். வெளியே எதையும் இணைக்காத ஒரு அனலாக் பின்னை 5 வோல்ட்டுக்கு உயர்த்தி அதை ஒரு முறை அளந்தால் குட்டி மின்தேக்கி 5 வோல்ட்டுக்கு நிரம்பிவிடும். அதே சமயம் தாள் இருக்கும் பின்னைச் சுழியத்துக்கு இறக்கி வையுங்கள். பிறகு தாள் பின்னை உள்ளீடாக மாற்றி, அளவீட்டை அதன் பக்கம் திருப்புங்கள். உள்ளே இருக்கும் மின்னூட்டம் இரண்டுக்கும் பகிர்ந்துபோகும். தாள் 10 பிகோஃபாரட் என்றால் 14-ஐ 24-ஆல் வகுத்த பங்குதான் மிஞ்சும், 1023-க்கு ஏறக்குறைய 597. விரல் வந்து 1 பிகோஃபாரட் கூட்டினால் 573. வெளியே ஒரு பொருள்கூட இல்லாமல் 24 எண் வித்தியாசம்!

இதையே தலைகீழாகவும் செய்யுங்கள்: உள்ளே சுழியம், தாளில் 5 வோல்ட். இப்போது எண் 426-லிருந்து 450-க்கு ஏறும். முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்தால், தொடாதபோது 171, தொட்டால் 123. மாற்றம் இரட்டிப்பாகிறது, இரண்டு அளவிலும் ஒரே பக்கமாக வரும் பிழைகளில் பெரும்பகுதி கழிந்தும்விடுகிறது. சிப் தயாரிக்கும் நிறுவனங்களே தங்கள் தொடுபட்டன் நிரல்களில் பயன்படுத்தும் முறை இது.

ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். 597 என்ற எண்ணுக்குத் தனியாக ஒரு பொருளும் கிடையாது, மேசை மாறினால், மழை பெய்தால் அது மாறும். நிரலில் ‘573-க்குக் கீழே போனால் தொட்டதாக வைத்துக்கொள்’ என்று எழுதினால் மறுநாள் காலை வேலை செய்யாது. தொடாத நேரத்துச் சராசரியை மெதுவாகப் பின்தொடர்ந்துகொண்டே இருந்து, அதிலிருந்து சட்டென்று விலகுவதை மட்டும் தொடுதலாக எடுக்க வேண்டும். வகுப்பறை டியூப்லைட்டால் எண் ஆடினால் 20 மில்லிநொடிக்குப் பல அளவுகள் எடுத்துச் சராசரி போடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஒரு முழுச் சுற்று 20 மில்லிநொடி, அதன் மேடும் பள்ளமும் அதற்குள் சரிக்குச் சரியாகிவிடும்.

கேள்வி: மாடியில் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி. மட்டம் பார்க்க உள்ளே தொங்கவிட்ட கம்பிகள் ஆறு மாதத்தில் அரித்துப்போகின்றன. போர்த் தண்ணீர், உப்பு அதிகம். தண்ணீரில் உலோகம் படாமல் செய்ய வழி உண்டா? (வாசகர், திருப்பூர்)

பதில்: உண்டு, செலவும் குறைவு. உங்கள் கம்பிகள் வழியாகத் தண்ணீருக்குள் டி.சி. கரண்ட் போகிறது, மின்னாற்பகுப்பு நடந்து கம்பி கரைகிறது. உப்பு அதிகமென்றால் வேகமும் அதிகம்.

தொட்டிக்கு வெளியே ஒட்டும் கெப்பாசிட்டிவ் சென்சார்கள் கடையில் கிடைக்கின்றன, ‘இந்த உயரத்தில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா’ என்று மட்டும் சொல்லும். முழு மட்டமும் தெரிய வேண்டுமென்றால் நான் என் வீட்டுத் தொட்டியில் போட்டிருப்பதைச் சொல்கிறேன். வீட்டு வயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. ஒற்றை வயர், அவ்வளவுதான். அதை ஊசிக்கொண்டை மாதிரி மடித்து, மடிப்பு தொட்டியின் அடியிலும் இரண்டு முனைகளும் மேலே, தண்ணீர் எட்டாத இடத்திலும் இருக்கும்படி ஒரு பி.வி.சி. குழாய்மேல் கட்டித் தொங்கவிட்டேன். உள்ளே இருக்கும் செம்பு ஒரு தகடு, மேலே இருக்கும் பிளாஸ்டிக் உறை நடுப்பொருள், சுற்றியிருக்கும் தண்ணீர் மற்ற தகடு. ஒரு செ.மீ. வயர் நனைந்தால் தோராயமாக 3 பிகோஃபாரட், இரண்டு கால் என்பதால் 6. ஒரு மீட்டர் தண்ணீருக்கு 600. தொடு சுவிட்சில் அரை பிகோஃபாரட்டுக்கு அல்லாடினோமே, இங்கே அள்ளிக் கொடுக்கிறது.

இதை 555 என்ற அலை உண்டாக்கும் ஐசியில், குறைந்த கரண்டில் ஓடும் சி.மாஸ் வகையாகப் பார்த்து, நேரம் தீர்மானிக்கும் கெப்பாசிட்டராகப் போடுங்கள். ரெசிஸ்டர்கள் 10 கிலோ ஓமும் 100 கிலோ ஓமும் என்றால் ஒரு மீட்டர் நனையும்போது 11 கிலோஹெர்ட்ஸ் பக்கம் வரும், தண்ணீர் இறங்க இறங்க அதிர்வெண் ஏறும். தண்ணீரை கிரவுண்டோடு இணைக்க ஒரு எவர்சில்வர் கம்பி மட்டும் வேண்டும். அது தண்ணீரில் படத்தான் செய்யும், ஆனால் மறுமுனை உறைக்குள் இருப்பதால் டி.சி. பாய வழியே இல்லை, அரிப்பதில்லை.

555-ஐத் தொட்டிப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள், கீழே வருவது அதிர்வெண் மட்டுமாக இருக்கட்டும். சென்சார் வயரையே கீழ்த்தளம்வரை இழுத்தால், கேபிள் மீட்டருக்கு 100 பிகோஃபாரட் போலத் தன் பங்குக்குச் சேர்த்து எல்லாவற்றையும் குழப்பும். உறையில் ஒரு கீறல்கூட இருக்கக் கூடாது. மட்டம் இறங்கியதும் வயரில் ஈரப்படலம் ஒட்டியிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் மட்டம் கூடுதலாகக் காட்டும், பயப்பட வேண்டாம்.

பயப்பட வேண்டியது வேறு ஒன்றுக்கு. டிரான்ஸ்பார்மர் இல்லாமல், கெப்பாசிட்டரை வைத்து 230 வோல்ட்டைக் குறைக்கும் மலிவு சப்ளை போர்டை இதற்குத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். அதன் கிரவுண்ட் நேராக மெயின் லைனோடு சேர்ந்தது. அந்தத் தண்ணீரில்தான் வீட்டில் எல்லோரும் குளிக்கிறார்கள். தரமான அடாப்டர் அல்லது பேட்டரி, வேறு பேச்சே வேண்டாம்.

கேள்வி: மாட்டுக்குத் தீவனப்புல் வெட்டும் மெஷின் வைத்திருக்கிறோம். எங்கள் ஊரில் ஒருவருக்கு விரல் போய்விட்டது. வாய்ப்பகுதிக்குக் கை கிட்டே வந்தாலே மோட்டார் நிற்கும்படி இந்த சென்சாரை மலிவாகச் செய்து தர முடியுமா ஐயா? (விவசாயி, ஈரோடு மாவட்டம்)

பதில்: நீங்கள் கேட்டது நல்ல மனதோடு கேட்ட கேள்வி, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். இதை நம்பிக் கையைக் காக்க முடியாது.

தூரத்தில் கையை உணர்வது பெரிய வித்தை இல்லை. 1920 வாக்கில் ரஷ்யாவில் லெவ் தெரமின் செய்த இசைக்கருவியில், தொடாமலே, கையை நகர்த்தியே சுரத்தை ஏற்றி இறக்கினார்கள். ஆர்டுயினோவில் 1 மெகா ஓமுக்குப் பதில் 10 மெகா ஓம் போட்டால் நாலைந்து அங்குலத்தில் கை தெரியும். தகட்டைப் பெரிதாக்கினால் இன்னும் தூரம், தகட்டின் அகலம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. பின்னால் இன்னொரு தகடு வைத்து அதற்கும் அதே சிக்னலைக் கொடுத்தால் பின்பக்கத்து உலோகத்தின் தொல்லையும் குறையும்.

ஆனால் உங்கள் மெஷினுக்குள் போவது பச்சைப் புல். புல்லில் பெரும்பகுதி தண்ணீர், கையிலும் அப்படியே. தண்ணீரின் மின்புல எண் (மின்புலத்துக்கு இடம் கொடுக்கும் அளவு) காற்றைப்போல் 80 மடங்கு. சென்சாருக்கு ஒரு கட்டுப் புல்லும் ஒரு மணிக்கட்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். புல்லுக்கு நிற்காதபடி உணர்திறனைக் குறைத்தால் கைக்கும் நிற்காது. அது போக, மோட்டாரை அணைத்தாலும் கனமான சக்கரம் உடனே நிற்பதில்லை. அமெரிக்காவில் விரல் பட்டதும் 5 மில்லிநொடிக்குள் நிற்கும் மேசை ரம்பம் ஒன்று உண்டு, உடம்பின் மின்தேக்குத்திறனை வைத்துத்தான் அதுவும் வேலை செய்கிறது. ஆனால் அது ரம்பத்திலேயே சிக்னல் அனுப்பித் தொடுதலை அறிகிறது, அறிந்ததும் ஒரு அலுமினியக் கட்டையை ரம்பத்துக்குள் பாய்ச்சி நிறுத்துகிறது. காய்ந்த மரத்துக்கும் விரலுக்கும் வித்தியாசம் தெரிவதால்தான் அதுவும் நடக்கிறது, ஈர மரத்தில் அதுவே தடுமாறும்.

செய்ய வேண்டியது இதைவிடச் சாதாரணம். புல் தள்ளும் தொட்டியைக் கை நீளத்துக்கு நீட்டுங்கள், மேலே மூடி போடுங்கள், தள்ளுகிறவர் இடுப்புக்கு நேராக, இடித்தாலே நிற்கும் சுவிட்ச் கட்டை ஒன்று வையுங்கள். ஊர் வெல்டிங் பட்டறையில் முடியும் வேலை. வரைபடம் வேண்டுமென்றால் எழுதுங்கள், அடுத்த இதழில் முழுப் பக்கமே போடச் சொல்கிறேன்.

கேள்வி: சார்ஜரில் போட்டால் மட்டும் போன் தானாகவே எதையோ தொடுகிறது, ஆப் திறக்கிறது. திரை கெட்டுவிட்டதா? (வாசகி, காரைக்குடி)

பதில்: சார்ஜரைக் கழற்றினால் சரியாகிவிடுகிறது என்றால் திரைமேல் பழி போட வேண்டாம், முதலில் வேறு நல்ல சார்ஜரில் போட்டுப் பாருங்கள். போன் திரையும் இதே சென்சார்தான், கண்ணாடிக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாகக் கண்ணுக்குத் தெரியாத கோடுகள். மட்டமான சார்ஜர் போனின் கிரவுண்டையே அதிவேகத்தில் ஆட்டிவிடுகிறது. விரல் அசையாமல் இருந்தாலும், போன் ஆடுவதால் விரல் ஆடுவதுபோலத் திரைக்குத் தெரிகிறது. வெறுங்காலோடு நின்று பிடித்தால் கூடுவதும், போனைக் கையில் எடுக்காமல் மரமேசையில் வைத்தால் மாறுவதும் இதனால்தான். அந்த சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: கெப்பாசிட்டிவ் மண் ஈர சென்சார் இரண்டு வாங்கினேன். ஒன்று முதல் நாளிலிருந்தே ஒரே எண்ணைக் காட்டுகிறது, இன்னொன்று ஒரு மாதத்தில் போய்விட்டது. (மாடித் தோட்டக்காரர், சென்னை)

பதில்: முதலாவதில் இருக்கும் எட்டுக்கால் ஐசியின் எழுத்தை லென்ஸ் வைத்துப் படியுங்கள். டி.எல்.சி.555 (சி.மாஸ் வகை) இருக்க வேண்டிய இடத்தில் என்.ஈ.555 (பழைய வகை) போட்டு வரும் போர்டுகள் உண்டு. என்.ஈ.555-க்குக் குறைந்தது 4.5 வோல்ட் வேண்டும், போர்டு 3.3-இல் ஓடுவதால் அது சரியாக இயங்காது. இரண்டாவதை மண்ணிலிருந்து எடுத்து ஓரத்தைப் பாருங்கள், மேல்பூச்சு முகத்தில் மட்டும்தான் இருக்கும், வெட்டிய விளிம்பு திறந்தே இருக்கும். அந்த வழியாகப் போர்டு தண்ணீரை உறிஞ்சி ஊறிவிடுகிறது. புதிதாக வாங்கினால் மண்ணில் நடும் முன் விளிம்பு நெடுக நகப்பாலிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது. மேலே இருக்கும் ஐசி பகுதியை ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாயால் மூடிவிடுங்கள், கோடு போட்டிருக்கும் இடத்துக்கு மேல் மண்ணில் இறக்காதீர்கள்.